இடது முன்சக்கரம்

எங்கள் காரை நானே பழுது பார்க்கத் தொடங்கியது கொரோனா நடமாட்டக் கட்டுப்பாடு இருந்த காலத்தில். எங்கள் ஊரான சிம்பாங் ரெங்கத்தில் பட்டறைகள் எல்லாம் மூடிக்கிடந்தன. மூன்று வாரமாக வீட்டு முகப்புப் போர்ச்சில் அசையாமல் நின்ற காரின் பேட்டரி செத்துவிட்டது. கைப்பேசியில் ஒரு காணொளியைப் பார்த்துப் பேட்டரியைக் கழற்றினேன். முனைகளில் பூத்திருந்த வெள்ளைப் பொடியை வெந்நீர் ஊற்றிப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தேன். அதைத் திரும்ப மாட்டி, பக்கத்து வீட்டுக் காரிலிருந்து வயர் கொடுத்துச் சாவியைத் திருப்பியதும் இன்ஜின் பிடித்துக்கொண்டது. சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்த என் மனைவி ஈரக் கையோடு கை தட்டினாள்.

பட்டறைகள் திறந்த பிறகும் நான் அங்கே போகவில்லை. இன்ஜின் எண்ணெய், ஏர் ஃபில்டர், ஸ்பார்க் பிளக், வைப்பர் ரப்பர் என்று ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் பழைய கால்சட்டையை மாட்டிக்கொண்டு போர்ச்சில் அட்டையை விரித்துப் படுத்தால் மதியச் சாப்பாட்டுக்குத்தான் எழுவேன். எங்கள் தாமான் குடியிருப்பில் நடைக்குப் போகிறவர்கள் கேட்டருகே நின்று, "என்ன லா, சொந்தமா பட்டறை வச்சிட்டியா?" என்று கேட்பார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது. பிடிக்கவில்லை என்று சொன்னால் பொய்.

நான் ஒன்றும் தெரியாதவன் இல்லை. குளுவாங்கில் ஒரு தொழிற்சாலையில் பொட்டலம் கட்டும் இயந்திரங்களைப் பராமரிப்பதுதான் என் வேலை. அங்கே ஒரு போல்ட்டை முடுக்கினால் அதன் தலையில் மஞ்சள் பெயின்ட்டால் ஒரு கோடு போட வேண்டும். இன்னொருவர் வந்து அதே போல்ட்டை ஸ்பானர் வைத்துச் சோதித்துவிட்டுத் தாளில் கையெழுத்துப் போடுவார். இரண்டு கையெழுத்து இல்லாமல் இயந்திரம் ஓடாது. வீட்டில் நான் மட்டும்தான். இன்னொருவர் தேவை என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

என் மனைவி லாயாங் லாயாங் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு செம்பனை ஆலையின் அலுவலகத்தில் கிராணி வேலை பார்க்கிறாள். வீட்டிலிருந்து ரெங்கம் என்ற அடுத்த ஊர் வழியாகச் செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே போகும் பாதை. காரை அவள்தான் எடுத்துப்போவாள்; எனக்கு மோட்டார் சைக்கிள் போதும். அவளோடு தினமும் ஓர் அக்கா போவார். எங்கள் வரிசையிலிருந்து இரண்டு வரிசை தள்ளி வீடு. அதே ஆலையின் கேன்டீனில் சமையல். ஐம்பதை நெருங்கும் வயது, கணவர் இறந்துவிட்டார், ஒரே மகள் சிங்கப்பூரில் வேலை. பெரிய குரல். எங்கள் கேட்டுக்கு வரும்போதே ஏதாவது சொல்லிக்கொண்டேதான் வருவார். வெள்ளிக்கிழமைகளில் கேன்டீனில் மிஞ்சிய மீ கோரெங் ஒரு டப்பாவில் எங்கள் வீட்டுக்கு வரும்.

ஒரு சனிக்கிழமை மனைவி சொன்னாள், "பிரேக் அடிக்கிறப்போ கீச்சுனு கத்துது. ஜங்ஷன்ல எல்லாரும் திரும்பிப் பாக்குறாங்க." பிரேக் பேட் தேய்ந்துவிட்டது என்று கேட்டவுடனே தெரிந்தது. அன்று மாலையே உதிரிபாகக் கடைக்குப் போய் முன்சக்கரங்களுக்குப் புதிய பேட் வாங்கி வந்தேன். பிரேக்கில் நான் கை வைப்பது அதுதான் முதல் தடவை. மூன்று காணொளிகளைப் பார்த்தேன். கஷ்டமாகத் தெரியவில்லை.

மறுநாள் காலை வலது பக்கத்தில் தொடங்கினேன். ஜேக் போட்டுத் தூக்கி, சக்கரத்தைக் கழற்றி, பழைய பேட்டை எடுத்துப் புதியதை வைத்தேன். பேட்டை அழுத்தும் பிஸ்டனை உள்ளே தள்ளத்தான் கொஞ்சம் நேரம் பிடித்தது. சக்கரத்தை மாட்டி, நான்கு நட்டுகளையும் விரலால் திருகி, காரைத் தரைக்கு இறக்கி, ஸ்பானர் மேல் என் முழு எடையையும் போட்டு எதிரெதிராக முடுக்கினேன். ஒவ்வொரு நட்டும் கடைசியில் ஒரு சின்ன முனகலோடு நிற்கும். அந்த நான்கு முனகலும் எனக்கு இன்றுவரை நினைவிருக்கிறது.

பிறகு இடது பக்கம். கை பழகிவிட்டதால் பாதி நேரத்தில் முடிந்தது. சக்கரத்தை மாட்டினேன். நான்கு நட்டுகளையும் விரலால் திருகினேன். காரை இறக்கி ஜேக்கை வெளியே இழுத்தேன். ஸ்பானரை எடுக்கத் திரும்பியபோது கைப்பேசி அடித்தது.

தொழிற்சாலையிலிருந்து எங்கள் சூப்பர்வைசர். ஞாயிறு ஷிப்டில் ஓர் இயந்திரம் நின்றுவிட்டது, எந்தப் பேரிங் என்று தெரியவில்லை என்றார். போர்ச்சில் குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டே பேசினேன். அவருக்குப் புரியவில்லை. நான் முன்பு எடுத்து வைத்திருந்த படத்தை அனுப்புவதற்காக உள்ளே போய் மடிக்கணினியைத் திறந்தேன். படத்தைத் தேடி, அனுப்பி, அவர் சரி என்று சொல்லும்வரை இருபது நிமிடம் இருக்கும்.

திரும்பி வந்தபோது கார் நான்கு சக்கரத்தில் தரையில் நின்றது. ஜேக் வெளியே கிடந்தது. இடது சக்கரத்தின் பிளாஸ்டிக் மூடி மட்டும் போட வேண்டியிருந்தது. உள்ளங்கையால் அடித்து மூடியைப் பொருத்தினேன். கருவிகளைத் துடைத்துப் பெட்டியில் வைத்தேன். நட்டு முடுக்கியாயிற்றா என்று எனக்கு ஒரு கேள்விகூட எழவில்லை. வலது பக்கத்தில் முடுக்கிய வலி என் தோளில் இருந்தது. உடம்பு அதையே இரண்டு பக்கத்துக்குமாக எடுத்துக்கொண்டுவிட்டது.

தாமானைச் சுற்றி மெதுவாக ஒரு வட்டம் ஓட்டிப் பார்த்தேன். பிரேக் நன்றாகப் பிடித்தது. உள்ளே வந்து மனைவியிடம், "புது பேட் மா. ரெண்டு மூணு நாளைக்குக் கொஞ்சம் சத்தம் கேக்கும். அப்படித்தான் இருக்கும், பயப்படாத" என்றேன். காணொளியில் அப்படித்தான் சொல்லியிருந்தார்கள். அது உண்மையும்கூட.

திங்கட்கிழமை காலை எட்டரை மணிக்குமேல் அவள் என்னைக் கூப்பிட்டாள். இயந்திரச் சத்தத்தில் முதலில் எதுவும் புரியவில்லை. வெளியே ஓடி வந்தேன்.

"காடி ரோட்டோர லோங்காங்ல விழுந்துருச்சு" என்றாள். "அக்கா கை மாட்டிக்கிச்சு. கை வர மாட்டேங்குது." அதையே மறுபடி மறுபடி சொன்னாள். பின்னால் ஓர் ஆள் மலாயில் கத்திக்கொண்டிருந்தது கேட்டது. பிறகு அழைப்பு நின்றுவிட்டது.

நான் நேராகக் குளுவாங் மருத்துவமனைக்குப் போனேன். ஆம்புலன்ஸ் எனக்குப் பிறகுதான் வந்தது. அக்காவை ஓடும் வேகத்தில் உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். போர்வைக்கு வெளியே அவருடைய கால்களை மட்டும் பார்த்தேன். ஒரு காலில் செருப்பு இருந்தது. என் மனைவிக்கு நெற்றியில் ஒரு வெட்டு, அவ்வளவுதான். அவளுடைய மேல்சட்டையின் முன்பக்கம் முழுவதும் இருந்தது அவளுடைய இரத்தம் இல்லை.

நாற்காலியில் உட்கார்ந்து அவள் சொன்னாள். ரெங்கத்தைத் தாண்டியதும் முன்பக்கத்தில் டக் டக் என்று ஒரு சத்தம் தொடங்கியிருக்கிறது. அக்கா, "அலமாக், என்னம்மா இது சத்தம்? ஓரமா நிறுத்திப் பாரேன்" என்று சொல்லியிருக்கிறார். இவள், "நேத்துதான் அவரு பிரேக் மாத்துனாரு அக்கா. ரெண்டு மூணு நாளைக்குச் சத்தம் வரும்னு சொன்னாரு" என்று சொல்லிவிட்டு ஓட்டியிருக்கிறாள். சத்தம் கூடியது. அக்கா ஜன்னலை இறக்கி, கதவின்மேல் கையை ஊன்றி, தலையை வெளியே நீட்டிக் கேட்டிருக்கிறார். "பிரேக் சத்தம் மாதிரி இல்லம்மா" என்று சொன்னாராம். அடுத்த வளைவில் சக்கரம் தனியாகக் கழன்று முன்னால் உருண்டு போவதை இரண்டு பேரும் பார்த்திருக்கிறார்கள். கார் இடது பக்கம் இழுத்துக்கொண்டு போய், சாலையோரச் சாக்கடையான லோங்காங்கின் சிமென்ட் விளிம்பில் சாய்ந்தது. அக்காவின் கை கதவுக்கும் சிமென்ட்டுக்கும் நடுவில்.

"அக்கா நிறுத்தச் சொன்னாங்க" என்றாள். "நான் நிறுத்தல."

அன்று மதியம் டாக்டர் வந்தார். இடது கையை முழங்கைக்குக் கீழே எடுக்க வேண்டியிருந்தது என்றார்.

அப்போதுகூட எனக்கு என்ன நடந்தது என்று தெரியாது. பிரேக்கில் ஏதோ தவறாகப் பொருத்திவிட்டேனோ என்று நினைத்தேன். சக்கரம் எப்படிக் கழலும் என்று அந்தக் கலக்கத்தில் யோசிக்கவில்லை. மறுநாள் காலை போலீஸ் நிலையத்துக்குப் போனேன். பின்வளாகத்தில் எங்கள் கார் நின்றது. இடது முன்பக்கத்தில் குந்தி உட்கார்ந்தேன். நட்டு மாட்டும் நான்கு தண்டுகளில் மூன்றில் மரை மழுங்கிப் போயிருந்தது. நான்காவது உடைந்திருந்தது. கழன்ற சக்கரத்தை டிக்கியில் போட்டிருந்தார்கள். அதன் துளைகள் வட்டமாக இல்லை. ஆடி ஆடி நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தன. என் வேலையே இப்படிப்பட்ட தேய்மானத்தைப் பார்த்துக் காரணம் சொல்வதுதான். முடுக்காமல் விட்ட நட்டு இப்படித்தான் செய்யும். அங்கேயே, அந்தத் தரையில் குந்தியிருக்கும்போதே, ஞாயிற்றுக்கிழமை நான் ஸ்பானரை எடுக்கத் திரும்பிய இடம்வரை நினைவுக்கு வந்தது. அதற்குப் பிறகு ஸ்பானர் என் கையில் இல்லை. கைப்பேசிதான் இருந்தது.

காரை இழுத்து வந்த லாரிக்காரர் பக்கத்தில் நின்றார். வயதான சீனர். சக்கரத்தைக் காட்டி மலாயில் சொன்னார்: திருடன் வேலை. இப்போதெல்லாம் தாமான்களில் இது நடக்கிறது, நட்டுகளைத் தளர்த்தும்போது யாராவது வந்தால் அப்படியே விட்டுவிட்டு ஓடிவிடுவார்கள். போலீஸ்காரரும் தலையாட்டினார். இரவில் கார் வெளியே நின்றதா என்று என்னைக் கேட்டார். போர்ச்சில் நின்றது, ஆனால் கேட்டைப் பூட்டுவதில்லை என்றேன். அதுவும் உண்மைதான். அவர் எழுதிக்கொண்டார். நான் கையெழுத்துப் போட்டேன்.

பொய்யை நான் உண்டாக்கவில்லை, என் கையில் கொடுத்தார்கள் என்று பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வாங்கிக்கொண்டது நான்தான்.

மனைவியிடம் போய், "யாரோ டயர் திருட வந்திருக்கான்" என்றேன். அவள் நம்பினாள். ஆனால் அதனால் அவளுக்கு ஒன்றும் லேசாகவில்லை. "எவனோ கழட்டிட்டான், சரி. அக்கா நிறுத்தச் சொன்னாங்க இல்ல?" என்றாள். அதற்குப் பிறகு அவள் ஸ்டீயரிங்கைத் தொடவில்லை. ஆலை வேன் வந்து அழைத்துப் போனது. எங்கள் கார் திரும்பி வரவில்லை. அது ஓடும் நிலையில் இல்லை.

திருட்டுக் கதை தாமானில் பரவியது. எங்கள் வரிசையின் கடைசி வீட்டை நான்கு வங்காளதேசத் தொழிலாளர்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தார்கள். தோட்டத்தில் குலை வெட்டும் ஆட்கள். காலையில் போவார்கள், மாலையில் வருவார்கள், யாரோடும் பேசமாட்டார்கள். யார் முதலில் அவர்களைச் சொன்னது என்று தெரியாது. ஒரு வாரத்தில் எல்லாரும் சொன்னார்கள். ஒரு நாள் மாலை அவர்களில் ஒருவர் எங்கள் கேட்டுக்கு வந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, உடைந்த மலாயில், "அண்ணே, நாங்க உங்க காரைத் தொடவில்லை" என்றார். நான் "தெரியும்" என்றேன். அவர் அங்கேயே நின்றார். நான் இன்னும் ஏதாவது சொல்வேன், யாரிடமாவது போய்ச் சொல்வேன் என்று எதிர்பார்த்திருக்க வேண்டும். நான் "தெரியும்" என்று மறுபடியும் சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டேன். இரண்டு வாரத்தில் வீட்டுக்காரர் அவர்களைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்.

அக்கா வீட்டுக்கு வந்தபிறகு என் மனைவி ஒவ்வொரு மாலையும் அங்கே போனாள். ஆலையிலிருந்து வந்து முகம் கழுவிவிட்டு நேராகப் போய்விடுவாள். சோறு வடித்து, குழம்பு வைத்து, அக்காவுக்குத் தலை சீவிப் பின்னிவிட்டு வருவாள். ஒரு கையால் தலை பின்ன முடியாது என்று அதற்குமுன் எனக்குத் தோன்றியதே இல்லை. இருட்டுவதற்குள் நான் போய் அவளை அழைத்து வருவேன். உள்ளே போகமாட்டேன். கேட்டுக்கு வெளியே நிற்பேன். அக்காவின் பெரிய குரல் சின்னதாகிவிட்டிருந்தது. சில நாள் உள்ளே என் மனைவி அழுவது கேட்கும். அக்கா, "விடும்மா, நீ என்ன பண்ணுவ, நடக்கணும்னு இருந்துச்சு" என்று சொல்வது கேட்கும். நான் வெளியே நின்று அதைக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

சொல்லிவிட வேண்டும் என்று நினைக்காத நாள் இல்லை. காலையில் பல் துலக்கும்போது இன்று சொல்லிவிடலாம் என்று இருக்கும். அவள் முகத்தைப் பார்த்ததும் போய்விடும். வேலையிடத்தில் நான் முடுக்கிய போல்ட்டையே மறுபடி முடுக்கினேன். வீட்டுக்குக் கிளம்பி, மோட்டார் நிறுத்துமிடம்வரை போய், திரும்பி வந்து பார்த்தேன். ஒருமுறை அளவுக்குமீறி முடுக்கி ஒரு போல்ட்டின் தலையை முறித்துவிட்டேன். என்னோடு வேலை செய்யும் மலாய்க்காரர் ஸ்பானரை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, வீட்டில் ஏதாவது பிரச்சினையா என்று கேட்டார். இல்லை என்றேன்.

பத்து மாதத்துக்குப் பிறகு ஒரு பழைய கார் வாங்கினோம். அக்காவை மருத்துவமனைக்கு அழைத்துப் போகவர அது தேவைப்பட்டது. நான்தான் ஓட்டினேன். மனைவி அக்காவோடு பின்னால் உட்காருவாள். சில மாதத்தில் அதற்கு எண்ணெய் மாற்றும் நேரம் வந்தது.

ஒரு சனிக்கிழமை காலை. மனைவி சமையலறை மேசையில் பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன்.

"காடிக்கு சர்வீஸ் வந்துருச்சு இல்ல? நீங்களே பண்ணிருங்களேன்" என்றாள்.

"கடையில விட்டுருவோம்."

"கடைக்காரன் எதைக் கழட்டுவான், எதை மாட்டுவான்னு யாருக்குத் தெரியும்? நீங்க பண்ணுனா எனக்குப் பயம் இல்ல. அந்தக் காடியிலயும் நீங்க செஞ்சதெல்லாம் சரியாத்தான இருந்துச்சு. எவனோ வந்து தொட்டதாலதான இப்படி ஆச்சு."

பதிலுக்கு நான் ஏதாவது சாக்குச் சொல்லியிருக்க முடியும். வேலை அதிகம், முதுகு வலி, எதுவாவது. அவள் அதைச் சொன்ன விதத்தில் எனக்கு அந்தச் சாக்கு வாயில் வரவில்லை.

"யாரும் தொடல" என்றேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"நான்தான் நட்டை முடுக்கல. ஃபோன் வந்துச்சு. உள்ள போயிட்டேன். திரும்பி வந்து மூடியை மாட்டிட்டேன்."

கத்தி நின்றது. "எப்பத் தெரியும்?" என்றாள்.

"மறுநாளே. ஸ்டேஷன்ல காடியப் பாத்தப்பவே."

"கடைசி வீட்டுப் பசங்களக் காலி பண்ண வச்சாங்களே, அப்பத் தெரியுமா?"

"தெரியும்."

"நான் அங்க உக்காந்து அழுவேனே. நீங்க கேட்டுல நிப்பீங்களே. அப்ப?"

"தெரியும்."

அவள் குனிந்து மீதிப் பயற்றங்காயை நறுக்கினாள். ஒரே அளவாக, கடைசிவரை நறுக்கி, தட்டில் அள்ளி, கழுவி வைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பாமலே சொன்னாள்:

"சத்தம் கேட்டா பயப்படாதன்னு சொன்னீங்க. அதனாலதான் நான் நிறுத்தல. அக்காகிட்ட நீங்களே போய்ச் சொல்லுங்க. நான் கூட வரமாட்டேன்."

அன்று மதியமே போனேன். அந்த வீட்டுக் கேட்டைத் தாண்டி நான் உள்ளே போனது அந்த விபத்துக்குப் பிறகு அதுதான் முதல் தடவை. அக்கா சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். ஆலைத் தச்சர் ஒருவர் அவருக்கு ஒரு பலகை செய்துகொடுத்திருந்தார். இரண்டு ஆணிகள் மேல்நோக்கி நின்றன. வெங்காயத்தை அந்த ஆணியில் குத்தி நிறுத்தி, வலது கையால் நறுக்கினார். அவருக்கு மேலே சுவரில் மாதா படம், அதற்கு ஒரு சின்னச் சிவப்பு விளக்கு.

"வா தம்பி, உக்காரு. அவ வரலியா?" என்றார்.

நான் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னேன். ஒன்றையும் விடாமல் சொன்னேன், வங்காளதேசத்து ஆள் கேட்டுக்கு வந்ததையும் சொன்னேன். சொல்லும்போது அவருடைய முகத்தைப் பார்க்க வேண்டும் என்று நினைத்திருந்தேன். பார்த்தது அந்தப் பலகையைத்தான்.

அக்கா கத்தியை வைத்தார். ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தார். அவருடைய சட்டையின் இடது கையை மடித்து ஊக்கு குத்தியிருந்தது. அந்த ஊக்கை வலது கை விரலால் தடவிக்கொண்டிருந்தார்.

"அன்னிக்கி நான் சொன்னேன், பிரேக் சத்தம் மாதிரி இல்லன்னு" என்றார். என்னிடம் சொல்வதுபோல் இல்லை.

பிறகு என்னைப் பார்த்தார். "மறந்துட்ட. சரி. நானும் அடுப்ப அணைக்க மறந்திருக்கேன். கேன்டீன்ல ஒரு தடவ தீயே பிடிச்சிருக்கு. அதுக்கு உன்ன என்ன சொல்றது? போன கை போச்சு. ஆனா அந்தப் பொண்ணு ஒரு வருசத்துக்கு மேல இங்க வந்து என் தலைய பின்னிக்கிட்டு, என்னை மன்னிச்சிருங்க அக்கா, என்னை மன்னிச்சிருங்க அக்கான்னு அழுதா. நான் அவளுக்குச் சமாதானம் சொன்னேன். நீ வெளிய நின்னு கேட்டுக்கிட்டு இருந்த. இல்ல?"

"ஆமாம் அக்கா."

"எப்படி தம்பி நின்ன?"

அவர் பதிலுக்காகக் காத்திருந்தார். உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பியதுபோல்தான் இருந்தது. பிறகு எழுந்து பானையை ஒரு கையால் அடுப்பில் ஏற்றினார். நான் உதவப் போனேன். "வேணாம்" என்றார். "நீ போ. அவ வரட்டும். நீ வராத."

திங்கட்கிழமை அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு போலீஸ் நிலையத்துக்குப் போனேன். அன்று எழுதிக்கொண்டவர் மாற்றலாகிப் போயிருந்தார். புதியவர் நான் சொன்னதைக் கேட்டு, ஏன் இப்போது வந்து சொல்கிறாய் என்று இரண்டு முறை கேட்டார். எழுதிக்கொண்டார், கையெழுத்து வாங்கினார், தேவைப்பட்டால் கூப்பிடுகிறோம் என்றார். இதுவரை கூப்பிடவில்லை. தாமான் குழுவின் தலைவரிடமும் சொன்னேன். அவர், "அவங்கதான் போயிட்டாங்களே, இப்ப சொல்லி என்ன?" என்றார். அந்த நான்கு பேரைத் தேடினேன். கோத்தா திங்கி பக்கம் ஒரு தோட்டத்துக்குப் போய்விட்டதாக லாயாங் லாயாங் மளிகைக் கடையில் ஒருவர் சொன்னார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மோட்டாரில் அங்கே போய் மூன்று தோட்டங்களின் குடியிருப்புகளில் கேட்டேன். எனக்கு அவர்களுடைய பெயர்கூடத் தெரியாது. ஒரே வரிசையில் எத்தனையோ மாதம் இருந்திருக்கிறோம். யாரைத் தேடுகிறாய் என்று கேட்டவர்களிடம், தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தவர் என்று மட்டும்தான் சொல்ல முடிந்தது. மழையில் நனைந்துகொண்டு திரும்பி வந்தேன்.

வீட்டில் பல வாரம் பேச்சு இல்லை. சோறு போட்டு வைப்பாள், நான் சாப்பிடுவேன். சண்டை போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அம்மா வீட்டுக்குப் போய்விடுவாள் என்று ஒவ்வொரு நாளும் எதிர்பார்த்தேன். போகவில்லை. ஒருநாள் காலை நான் சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தபோது வெளியே கார் கிளம்பும் சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தேன். அவள் பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டே காரை மெதுவாக வெளியே எடுத்தாள். அந்த விபத்துக்குப் பிறகு அவள் வண்டி ஓட்டியது அன்றுதான் முதல் தடவை. அன்று மாலை ஆலை வேனுக்கு இனி வரவேண்டாம் என்று சொல்லிவிட்டதாகச் சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

அக்காவுக்கு ஆலையின் ஸ்டோர் கவுன்டரில் வேலை கிடைத்தது. சாமான் கொடுத்துக் கணக்கு எழுதுவது. காலையில் என் மனைவி போய் ஏற்றிக்கொள்கிறாள். அக்கா மறுபடி முன்சீட்டில்தான் உட்காருகிறார். அது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. மனைவியிடம் கேட்டேன். "அவங்ககிட்ட நான் பின்னாடி உக்காருங்கன்னுதான் சொன்னேன். மாட்டேன்னுட்டாங்க" என்றாள். காரில் எந்தச் சின்னச் சத்தம் கேட்டாலும் அவள் உடனே ஓரமாக நிறுத்திவிடுகிறாளாம். ஒருமுறை அது அக்காவின் சாப்பாட்டு டப்பா உருண்ட சத்தம். இரண்டு பேரும் சாலையோரத்தில் உட்கார்ந்து சிரித்தார்களாம். அதை என்னிடம் சொல்லும்போது அவள் சிரிக்கவில்லை.

கார் இப்போது பட்டறைக்குத்தான் போகிறது. அங்கே அவள் பக்கத்திலேயே நின்று, பழுது பார்க்கும் போமன் செய்வதைப் பார்க்கிறாள். எதற்காக இது, இதை யார் சரிபார்ப்பது என்று கேட்கிறாள். முதலில் அவர்கள் எரிச்சல்பட்டார்கள், இப்போது பழகிவிட்டது. எண்ணெய் அளவையும் டயர் காற்றையும் போர்ச்சில் அவளே பார்த்துக்கொள்கிறாள். நான் பக்கத்தில் போனால் விலகி இடம் விடுவாள், ஆனால் கருவியைக் கையில் கொடுக்கமாட்டாள்.

நாங்கள் இப்போது பேசிக்கொள்கிறோம். என்ன வாங்க வேண்டும், யார் வீட்டுக் கல்யாணம், தண்ணீர் எப்போது வரும் என்று எல்லாம் பேசுகிறோம். கோபம் போய்விட்டது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் கேஸ் அடுப்பை அணைத்துவிட்டேன் என்று நான் சொன்னால் சரி என்பாள். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வருவாள். கதவைப் பூட்டிவிட்டேன் என்றாலும் அப்படித்தான். என்னை நோகடிப்பதற்காக அவள் அதைச் செய்யவில்லை. நான் கவனிக்காத நேரமாகப் பார்த்துத்தான் எழுந்து போகிறாள்.